துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, வேட்டைக்கு அனுமதி இல்லை: ‘மசில் லோடர்’ குறித்து இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: ஒரே ஒரு முறை சுடலாம். அதன்பின் குழலின் வாய் வழியே மீண்டும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இறக்கி, கம்பியால் கெட்டித்து, அடுத்த குண்டுக்கு ஆயத்தமாக அரை நிமிடத்துக்கு மேலாகும். உலகப் படைகள் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட இந்தத் துப்பாக்கி, இந்தியக் கிராமங்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது வழக்கொழிந்த பழம்பொருளாக மட்டும் இல்லை. பயிரைக் காக்க உழவர் கோரினால் வழங்க வேண்டிய துப்பாக்கி என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால், அதே உழவர் தம் வயலில் இறங்கிய காட்டுப்பன்றியை அத்துப்பாக்கியால் சுட்டால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கக்கூடும். இவ்விரு சட்டங்களுக்கும் நடுவில்தான் இந்தியாவில் ‘மசில் லோடர்’ துப்பாக்கியின் கதை நிகழ்கிறது.

பல பெயர்கள், ஒரே கருவி

உரிம ஆவணங்களில் இது ‘எஸ்.பி.எம்.எல்.’ எனப்படுகிறது. ஒற்றைக் குழல் கொண்ட, வாய் வழியே நிரப்பும் துப்பாக்கி என்பது அதன் பொருள். ராஜஸ்தானில் ‘டோப்பிதார்’ என்பர். விசைக்கு அருகே பொருத்தப்படும் சிறு செம்புத் தொப்பியால் வந்த பெயர் அது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பகுதிகளில் ‘பர்மார்’. குடகில் துப்பாக்கிக்குப் பொதுப்பெயர் ‘தோக்’. தமிழ்ச் செய்திகளில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்ற ஒரே சொல்லால் உரிமம் பெற்றதும், கள்ளத்தனமாகச் செய்யப்பட்டதும் சுட்டப்படுவதால் வாசகருக்குக் குழப்பம் நேர்கிறது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு. உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கப்பட்டு, எண் பொறிக்கப்பட்டு, ஆட்சியரகப் பதிவேட்டில் இடம்பெற்ற மசில் லோடர் முறையான ஆயுதம். வாகனத்தின் ஸ்டியரிங் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ குழலாக்கிப் பட்டறையில் செய்யப்பட்டது, வடிவத்தில் அதுபோலவே இருந்தாலும், சட்டவிரோத ஆயுதமே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது ‘ஸ்மூத் போர்’. உட்சுவரில் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது ‘ரைபிள்’. பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகப் பறக்கிறது. மேலை நாடுகளில் வேட்டைப் பொழுதுபோக்காளர்கள் விரும்பி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த ரைபிள் வகை மசில் லோடரைத்தான். இந்தியக் கிராமங்களில் உள்ளவை பெரும்பாலும் வரிப்பள்ளம் அற்றவை. ஒற்றைக் குண்டையும் சுடலாம். ஒரு கைப்பிடி சிறு ரவைகளையும் சுடலாம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் அவற்றின் குறியை நம்புவது கடினம்.

பேரரசை உலுக்கிய துப்பாக்கி

ரைபிள் வகை மசில் லோடருக்கு இந்திய வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1857-இல் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட 1853-ஆம் ஆண்டு மாதிரி ‘என்ஃபீல்டு’ அத்தகைய துப்பாக்கியே. அளந்து வைத்த மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளில் பொதிந்து தரப்பட்டன. சிப்பாய் அச்சுருளின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிவிட்டுக் குண்டை இறக்க வேண்டும். குண்டு வரிப்பள்ளங்களில் இறுக்கமாக இறங்க வேண்டியிருந்ததால், காகிதத்தின் மீது கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி பாளையங்களில் பரவியது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். மே 10-இல் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்கள் இருந்தன என்பது உண்மை. எனினும், பின்புறம் தோட்டா செருகும் துப்பாக்கியாக அது இருந்திருந்தால், கடித்துக் கிழிக்க வேண்டிய அந்தக் காகிதச் சுருளுக்கே தேவை எழுந்திராது.

கிளர்ச்சி அடக்கப்பட்டபின் இந்தியரிடமிருந்து ஆயுதங்களைக் களையும் சட்டங்கள் வந்தன. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் மீதான கசப்பு தேசிய இயக்கத்தில் நெடுநாள் நீடித்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. அரசமைப்புச் சட்டத்தில் அது சேர்க்கப்படவில்லை. விடுதலைக்குப்பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. ஆனால், உழவருக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது.

‘வழங்க வேண்டும்’ என்ற சொல்

அந்தக் கதவு சட்டத்தின் 13-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் இருக்கிறது. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட ஸ்மூத் போர் துப்பாக்கியைத் தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ குடிமகன் கோரினாலும், மெய்யான பயிர்ப் பாதுகாப்புக்காக மசில் லோடரைக் கோரினாலும் உரிமம் வழங்கும் அதிகாரி அதை வழங்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ‘வழங்கலாம்’ என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மசில் லோடர் போதாது என அதிகாரி கருதினால், வேறு ஸ்மூத் போர் துப்பாக்கிக்கு அனுமதி தரவும் அப்பிரிவு இடமளிக்கிறது. மறுப்பதற்கான காரணங்களை 14-ஆவது பிரிவு தனியே வகுத்துள்ளது: விண்ணப்பதாரர் மனநலம் குன்றியவர் என்றோ, பொது அமைதிக்கு ஊறு நேரும் என்றோ கருத இடமிருந்தால் உரிமத்தை மறுக்கலாம்.

மசில் லோடரைச் சட்டம் தனியே தேர்ந்தெடுத்ததன் காரணம் எளிதில் விளங்கும். ஒரு முறைக்கு ஒரு குண்டு, மெதுவான நிரப்பல், குறைந்த தொலைவு. கொள்ளைக்கும் கலகத்துக்கும் பயன்படுத்த அது ஏற்ற கருவியன்று. வயலோரம் இரவில் ஒரு முறை வெடித்தால், எழும் பேரோசையும் புகையுமே பன்றிக் கூட்டத்தை விரட்டப் போதுமானவை. சட்டம் இயற்றியோர் உழவரையும் நம்பினர். அந்தத் துப்பாக்கியின் குறைபாட்டையும் நம்பினர் எனலாம்.

உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். காவல் துறையின் அறிக்கை பெறப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் கட்டாயமாக்கின. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது: ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளானது, தண்டனைகள் கடுமையாயின. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இப்போது இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. உரிமமின்றிச் செய்தாலோ விற்றாலோ குறைந்தது ஏழு ஆண்டுகள். ஆயுள் வரையும் நீளலாம்.

பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வழக்கொழிந்த மாதிரியைச் சேர்ந்தவை, தொன்மை மதிப்புள்ளவை, பழுதடைந்தவை ஆகியவற்றை 45-ஆவது பிரிவு விலக்குகிறது என்பதை மட்டும் படித்துவிட்டுப் பலர் நிம்மதியடைகின்றனர். ஆனால், பழுது நீக்கியும்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். துரு நீக்கி எண்ணெய் பூசினால் சுடும் என்ற நிலையில் இருக்கும் மசில் லோடர், எத்தனை தலைமுறை பழையதாயினும், துப்பாக்கியே. உரிமதாரர் இறந்தால், வாரிசுகள் அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, தம் பெயருக்கு உரிமம் கோர வேண்டும்.

கரிமருந்தின் இயல்பு

இந்தத் துப்பாக்கியை இயக்குவது கரிமருந்து: நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். பல நூற்றாண்டுகளாக மாறாத கலவை இது. அளந்த மருந்தை முதலில் குழலில் கொட்டுவர். அதன்மேல் துணி அல்லது நார் அடைப்பு. பின்னர் குண்டு அல்லது ரவை. மீண்டும் ஓர் அடைப்பு. இவை அனைத்தையும் நீண்ட கம்பியால் அடிவரை கெட்டிப்பர். ரைபிளாக இருந்தால், எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்து குண்டை இறக்குவர். அத்துணியே வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றும். இறுதியாக, குழலின் அடியில் உள்ள சிறு முனையில் கேப் எனப்படும் தொப்பியைப் பொருத்துவர். விசையை அழுத்தினால் சுத்தி அத்தொப்பியின்மீது விழும்; பொறி உள்ளே பாய்ந்து மருந்து பற்றும். தொப்பி வருவதற்கு முன் எரியும் திரியும், பின்னர் சிக்கிமுக்கிக் கல்லும் அவ்வேலையைச் செய்தன. தொப்பியின் பெரும் பயன், ஈரக்காற்றிலும் துப்பாக்கி ஓரளவு நம்பகமாக வெடிப்பதே. மழைக்காலத்தில்தான் வயலுக்குக் காவல் மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

இங்கே நேரும் பிழைகள் உயிரைக் குடிப்பவை. குண்டு மருந்தின்மீது முழுமையாக அமராமல் பாதி வழியில் நின்றால், இடைவெளியில் அழுத்தம் குவிந்து குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். ஏற்கெனவே நிரப்பப்பட்டிருப்பதை மறந்து இரண்டாம் முறை நிரப்புவதும் அத்தகையதே. அதனால்தான் பழகியோர், கெட்டிக்கும் கம்பியில் ‘வெற்றுக் குழல்’, ‘நிரப்பிய குழல்’ என இரு அடையாளக் கோடுகளை இட்டு வைப்பர். கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டியபடி காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவது இத்துப்பாக்கிகளில் புதிதன்று. சுட்ட உடனே அடுத்த மருந்தைக் குடுவையிலிருந்து நேரே கொட்டினால், குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு குடுவையையே வெடிக்கச் செய்யும். எனவே தனி அளவைக் குப்பியில் அளந்து கொட்டுவதே முறை.

கள்ளத் துப்பாக்கிகளில் ஆபத்து பன்மடங்கு. பட்டாசிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, தீக்குச்சி முனை, நவீனத் தோட்டாக்களின் புகையில்லா மருந்து ஆகியவை கரிமருந்தைவிட வேகமாக அழுத்தத்தை எழுப்புபவை. பற்றவைத்த குழாய் அதைத் தாங்காது. ஈயத்துக்குப் பதிலாகச் சைக்கிள் பேரிங்கின் ‘பால்ரஸ்’ குண்டுகளைப் போடும் பழக்கமும் பரவலாக உள்ளது. இவற்றைவிடக் கொடியது, துப்பாக்கியைப் பன்றி வழியில் கட்டிவைத்து, விசையில் கம்பியைப் பிணைத்துவிடும் பொறித் துப்பாக்கி. கம்பியில் இடறுவது பன்றியா, விறகு பொறுக்கச் சென்ற பெண்ணா என்று அதற்குத் தெரியாது.

சுட்டபின் குழலில் படியும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் மட்டும் போதுமென்று விடுபவரின் துப்பாக்கி சில மழைக்காலங்களைக்கூடத் தாங்காது.

வேட்டை எப்போது குற்றமானது?

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டை முழுவதுமாகத் தடைசெய்யப்படவில்லை. குறிப்பிட்ட விலங்குகளுக்கு வேட்டை உரிமங்கள் வழங்க அப்போது இடமிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை நீக்கியது. அன்றுமுதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடுவது குற்றம். கொல்வது மட்டுமன்றி, காயப்படுத்துவது, விரட்டுவது, அவற்றுக்கு முயல்வது ஆகியனவும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

விதிவிலக்குகள் குறுகியவை. நல்லெண்ணத்துடன் தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ளும்போது விலங்கு இறந்தால் அது குற்றமாகாது. அப்போதும் இறந்த விலங்கு அரசின் உடைமை. இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, நின்ற பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தானதாகிவிட்டது எனத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்டவர் கருதினால், காரணங்களை எழுதி, அதைச் சுட அனுமதி தரலாம். 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

துப்பாக்கியை வைத்திருப்பதன் மீதும் இச்சட்டம் கை வைக்கிறது. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. பன்றி மிகுதியாக வரும் ஊர்களே பெரும்பாலும் அந்த எல்லைக்குள் இருப்பவை என்பதே இதிலுள்ள முரண். சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால், துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யவும், ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் பெறத் தகுதியற்றவராக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆக, உழவர் ஒருவர் உள்துறையின் சட்டப்படி துப்பாக்கியைப் பெறுகிறார்; சுடுவதற்கு வனத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதிக்குக் காத்திருக்கிறார். பன்றிகள் காத்திருப்பதில்லை. கேரளம் 2022-இல் இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றது: உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்களைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத் துறையினரிடமே வைக்கப்பட்டது. உழவர் கையில் தரப்படவில்லை. இவ்விரு வழிகளில் எது சிறந்தது என்பதைக் காட்டோர உழவரிடம் கேட்டால் ஒரு விடையும், வன அலுவலரிடம் கேட்டால் வேறு விடையும் கிடைக்கும். குறி தவறிய ரவையோடு காட்டுக்குள் ஓடி, வாரக்கணக்கில் சீழ்பிடித்துச் சாகும் விலங்குகளைப் பார்த்தவர் வன அலுவலர். ஒரே இரவில் கிழங்கு வயல் முழுதும் உழப்பட்டதைப் பார்த்தவர் உழவர்.

குடகின் தனி வழி

இந்தியாவில் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க ஒரு சமூகத்துக்கும் ஒருவகை நில உரிமையாளர்களுக்கும் விலக்கு உள்ள இடம் கர்நாடகத்தின் குடகு. 1834-இல் ஆங்கிலேயர் குடகை இணைத்துக்கொண்டனர். 1861-இல் குடகருக்கு ஆயுதக் களைவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் குடகு இனத்தாருக்கும், ‘ஜம்மா’ எனப்படும் பரம்பரைப் படைப்பணி நில உரிமை உடையோருக்கும் அச்சலுகை தொடர்ந்தது. இதை எதிர்த்து, சாதியையும் நில உரிமையையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு என வழக்கு தொடுக்கப்பட்டது. மத்திய உள்துறை 2019-இல் விலக்கைப் பத்தாண்டுகளுக்கு, அதாவது 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது; 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லத்தக்கதென அறிவித்தது.

குடகில் குழந்தை பிறந்தாலும், மூத்தோர் இறந்தாலும், ‘புத்தரி’ அறுவடை நாளில் முதல் கதிரை அறுக்கும்போதும் துப்பாக்கி முழங்கும். நடவு முடிந்தபின் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் ‘கைல்போது’ நாளில் வீட்டின் துப்பாக்கிகள் வரிசையாக வைத்து வழிபடப்படும். அப்போது குழல் முனையில் செருகும் மலரை அங்கே ‘தோக் பூ’, துப்பாக்கிப் பூ என்கின்றனர். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. ஒருகாலத்தில் அந்நாளின் பொருள், நடவு முடிந்தது, இனிப் பயிரைக் காக்கவும் வேட்டைக்கும் ஆயுதம் எடுக்கலாம் என்பதே. இன்று வேட்டை இல்லை. உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டிகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. குடும்பத்துப் பெண்களும் அதில் குறிபார்க்கின்றனர்.

நாகாலாந்தின் கொல்லர்கள்

வடகிழக்கில் நிலைமை வேறு. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் வாழும் கொன்யாக் மக்களிடையே மசில் லோடரைக் கையாலேயே வடிக்கும் கொல்லர்கள் பெயர் பெற்றவர்கள். இந்திய-மியான்மர் எல்லையே ஊரின் நடுவே ஓடும் லோங்வா அதற்குப் பேர்போன சிற்றூர். அங்காமி நாகர்களின் கோனோமா கிராமம் 1879-80-இல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து மாதக்கணக்கில் நின்றது. துப்பாக்கி அங்கே ஆண்மையின் அடையாளமாகவும் உணவின் வழியாகவும் இருந்தது.

அதே கோனோமாதான் பின்னர் வேறொரு முடிவை எடுத்தது. ‘பிளித் டிராகோபன்’ என்னும் அரிய காட்டுக்கோழிகள் 1990-களின் தொடக்கத்தில் அப்பகுதியில் நூற்றுக்கணக்கில் வேட்டையாடப்பட்டன. அதிர்ந்துபோன ஊர்ப் பெரியோர் பல ஆண்டுகள் விவாதித்து, 1998-இல் தம் காட்டில் வேட்டையைத் தடைசெய்து சரணாலயம் அமைத்தனர். அரசின் ஆணை அன்று அது. ஊர் மன்றத்தின் தீர்ப்பு. வேட்டைக்காரர் சிலர் பின்னாளில் அதே காட்டின் வழிகாட்டிகளாயினர். ஒடிசாவின் சிமிலிபாலில் 2023-இல் வனப் பணியாளர் இருவர் வேட்டைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டபின், சுற்றியுள்ள கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்யும் முயற்சி தீவிரமானது. இரண்டையும் ஒப்பிட்டால், துப்பாக்கியைப் பிடுங்குவதைவிட அதைத் தாமே தாழ்த்த வைப்பது நெடுநாள் நிற்கிறது என்று தோன்றுகிறது. ஆனால், அதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கிறது.

தமிழ்நாட்டில் இத்துப்பாக்கியோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் நரிக்குறவர்கள். காடை, கௌதாரி வேட்டையே அவர்களின் பழைய பிழைப்பு. 1991-க்குப் பின் அத்தொழில் சட்டத்துக்குப் புறம்பானது; ஊசி, பாசிமணி விற்பனையே மிஞ்சியது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் அவர்களின் நெடுநாள் கோரிக்கை, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் ஈடேறியது.

உரிமம் வைத்திருப்போருக்கு மிஞ்சியிருக்கும் நடைமுறைத் தொல்லை தேர்தல். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகங்கள் கேட்கின்றன. ஒருவரின் பின்னணியைப் பாராமல் அனைவரிடமிருந்தும் ஒட்டுமொத்தமாகப் பெறுவது கூடாதென உயர் நீதிமன்றங்கள் அவ்வப்போது கூறியுள்ளன. மக்களவை, சட்டப்பேரவை, உள்ளாட்சி என மாறிமாறித் தேர்தல் வரும் ஆண்டுகளில், அறுவடைக்கு முந்தைய வாரங்களில் வயலுக்கு இருக்க வேண்டிய துப்பாக்கி காவல் நிலையத்தின் அலமாரியில் இருக்கிறது. திரும்பப் பெறும்போது குழலைக் கழுவி எண்ணெய் பூசி வைத்தார்களா என்பதையும் உரிமதாரரே பார்த்துக்கொள்ள வேண்டும்.